டயர் என்ன பிஸ்கட்டா?

கிரிக்கெட் மட்டையில் டயர் கம்பெனியின் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்து வளர்ந்த தேசம் இது. சச்சின் ஸ்ட்ரெயிட் டிரைவ் அடித்துவிட்டு மட்டையை நிமிர்த்திப் பிடிக்கும்போது, எம்.ஆர்.எஃப். என்ற மூன்றெழுத்து டி.வி. திரையில் பளிச்சென்று தெரியும். லாரா மட்டையில் பார்த்தோம். கோலி மட்டையிலும் பார்த்தோம். மட்டையில் இருந்ததையெல்லாம் படித்த நாம், டயரில் என்ன எழுதியிருக்கிறது என்று என்றைக்காவது குனிந்து படித்திருக்கிறோமா?

சின்னதாக ஒரு பரீட்சை. வாசலில் நிற்கும் உங்கள் பைக்கை எழுந்துபோய்ப் பார்க்காமலே பதில் சொல்லுங்கள். பின் டயர் எந்த வருஷம் தயாரானது? எத்தனை கிலோ தாங்கும்? முன் டயரைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்? எஞ்சின் எத்தனை சி.சி., எத்தனை பி.எச்.பி. என்பதையெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பீர்கள். டயர் என்றதும் முழிப்பீர்கள். டெலிவரி எடுத்த அன்று சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியதோடு டயருக்கும் நமக்கும் இருந்த உறவு முடிந்தது.

இரண்டு லட்சம், மூன்று லட்சம் கொடுத்து வாங்கிய டூரிங் பைக். அதில் ரோட்டைத் தொட்டுக்கொண்டிருப்பது எவ்வளவு? முன்னால் ஒரு உள்ளங்கை, பின்னால் ஒரு உள்ளங்கை. டிஸ்க் பிரேக், ஏ.பி.எஸ்., சஸ்பென்ஷன் என்று நீங்கள் காசு கொடுத்து வாங்கிய அத்தனை வித்தையும் அந்த இரண்டு உள்ளங்கை ரப்பர் வழியாகத்தான் வேலை செய்தாக வேண்டும். சக்கரம் லாக் ஆகாமல் பார்த்துக்கொள்ளத்தான் ஏ.பி.எஸ்-ஸுக்குத் தெரியும். டயரிலேயே இல்லாத பிடிமானத்தை அது எங்கே போய்க் கடன் வாங்கும்?

2024 டிசம்பரில் நண்பரின் மகன் ஒருவனோடு டயர் கடைக்குப் போயிருந்தேன். பழைய 411 சி.சி. ஹிமாலயன் வைத்திருக்கிறான். புது மனைவியைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு சென்னையிலிருந்து தனுஷ்கோடி வரை போக உத்தேசம். வண்டிக்குக் கிராஷ் கார்டு, பனி விளக்கு, இரண்டு பக்கமும் அலுமினியப் பெட்டி, செல்போன் மாட்ட ஒரு கை, கேமரா மாட்ட இன்னொரு கை. எதற்கும் அவன் பேரம் பேசியதாகத் தெரியவில்லை. டயர் விலையைச் சொன்னதும்தான், 'ஒரு நானூறு கொறைச்சுக்கங்கண்ணே' என்று ஆரம்பித்தான். கடைக்காரரும் பெரிய மனசு பண்ணிக் குறைத்தார்.

நான் குனிந்து டயரின் பக்கவாட்டைப் பார்த்தேன். ஒரு சின்ன முட்டை வடிவக் கட்டத்துக்குள் 3821 என்று நாலு இலக்கம். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருஷம். அதாவது 2021-ம் ஆண்டின் 38-வது வாரம். செப்டம்பர் மாதம். மூன்று வருஷம் மூன்று மாதம் பழசு. 'இது வேணாம், புதுசா வந்ததைக் காட்டுங்க' என்றேன். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டார்: 'டயர் என்ன பிஸ்கட்டா சார், நமுத்துப் போறதுக்கு?'

நல்ல வசனம். ஆனால் தப்பான வசனம்.

டயர் நமுத்துப் போகாது. காய்ந்து போகும். ரப்பரோடு கலந்திருக்கிற எண்ணெய்ப் பசை கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். காற்றில் உள்ள ஆக்சிஜனும் ஓசோனும் ரப்பரை அரிக்கும். வெயில் பட்டால் இன்னும் சீக்கிரம். நகம் பதிய வேண்டிய ரப்பர், செருப்பின் அடித்தோல் மாதிரி இறுகிவிடும். பட்டன் எல்லாம் புதுசாகவே தெரியும். ஆனால், ஈர ரோட்டில் பிரேக் பிடித்தால் வழுக்கும். காய்ந்த ரோட்டில் ஓட்டிப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது என்பதுதான் விஷமம். முதல் மழை வரும்போதுதான் தெரியும்.

டயர் கம்பெனிகளே இதை ஒப்புக்கொள்கின்றன. உபயோகத்துக்கு வந்து ஐந்து வருஷம் ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதிக்க வேண்டும், பட்டன் எவ்வளவு மிச்சம் இருந்தாலும் தயாரிப்புத் தேதியிலிருந்து பத்து வருஷத்தில் கழற்றிவிட வேண்டும் என்பது மிஷலின் கொடுக்கும் ஆலோசனை. குளிர்ந்த ஊர்க்காரர்கள் சொல்லும் கணக்கு அது. வேலூர் வெயிலில் ஷட்டருக்கு வெளியே தோரணம் மாதிரி தொங்கவிட்டிருக்கும் டயருக்கு அதே கணக்கைப் போடுவது நியாயமா?

நான் படித்தது பி.காம். அதனால் கடைக்காரரின் மனசு எனக்கு நன்றாகப் புரியும். சரக்கு இருப்பில் 'முதலில் வந்தது முதலில் போக வேண்டும்' என்று ஒரு பாடம் உண்டு. பழைய சரக்கு குடோனில் தேங்கினால் முதல் முடங்கும். அதனால் பழசைத்தான் முன்னால் எடுத்து வைப்பார். வியாபாரியாக அவர் செய்வது சரி. ஆனால் அந்தத் தேக்கத்தின் விலையை யார் கொடுக்கிறார்கள்? போன மாதம் வந்த டயருக்கும் மூன்று வருஷத்துக்கு முந்தைய டயருக்கும் ஒரே விலை. ஆயுளில் மூன்று வருஷம் கழிந்த பொருளைப் புதுப் பொருளின் விலைக்கு வாங்குகிறோம். நானூறு ரூபாய் குறைத்ததில் பையனுக்கு வெற்றிப் புன்னகை வேறு.

இத்தனைக்கும் நாம் இருப்பது எந்த ஊரில்? 1946-ல் திருவொற்றியூரில் ஒரு சின்னக் கொட்டகையில் பலூன் செய்ய ஆரம்பித்ததுதான் எம்.ஆர்.எஃப். அதே திருவொற்றியூரில்தான் 1955-ல் என்ஃபீல்டு வந்து இறங்கியது. மதுரைப் பக்கம் வெள்ளரிப்பட்டியில் டூவீலர் டயர் செய்கிறார்கள். அரக்கோணம், ஒரகடம், தேர்வாய் கண்டிகை என்று திரும்பிய பக்கமெல்லாம் டயர் தொழிற்சாலை. தமிழ்நாட்டில் எந்த மூலையிலிருந்து புறப்பட்டு நடந்தே வந்தாலும் ஒன்றரை மாதத்தில் ஜி.பி. ரோட்டுக்கு வந்து சேர்ந்துவிடலாம். மூன்று வருஷம் எங்கே படுத்துத் தூங்கியது அந்த டயர்?

கம்பெனிகளையும் சும்மா விடக்கூடாது. தங்கள் பெயரை அரை அடி தூரத்துக்கு நீட்டி எழுதத் தெரிகிறது. 'டியூப்லெஸ்' என்று கொட்டை எழுத்தில் போடத் தெரிகிறது. தேதியை மட்டும் எறும்பு சைஸில், அதுவும் சங்கேத பாஷையில், பெரும்பாலும் ஒரு பக்கத்தில் மட்டும் அச்சடிக்கிறார்கள். ஐந்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டில், பால் கவரில், தலைவலி மாத்திரையில் தேதி போட வேண்டும் என்று சட்டம் பேசும் நாட்டில், மனுஷன் உயிர் ஊசலாடுகிற பொருளில் மாதமும் வருஷமும் மனுஷ பாஷையில் போட்டால் என்ன குறைந்துவிடும்? வாரக் கணக்கு அவர்கள் குடோனுக்கு வசதி. வாங்குகிறவனுக்கு அது வெறும் நம்பர்.

அவர்கள் மாற்றுகிற வரை காத்திருக்க வேண்டாம். நீங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. டயர் வாங்கும்போது அந்த நாலு இலக்கத்தையும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். 'அதெல்லாம் வழக்கமில்ல சார்' என்பார். வழக்கம் ஆக்குங்கள். பில்லே வேண்டாம், கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன் என்றால் உடனே நடையைக் கட்டுங்கள். கேட்டும் பில் தர மறுப்பது 2019-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் முறையற்ற வணிக நடவடிக்கை. என் சொந்தக் கணக்கு இது: ஒரு வருஷத்துக்குள் தயாரானது என்றால் வாங்கலாம். இரண்டை நெருங்கினால் விலையைக் கணிசமாகக் குறைக்கச் சொல்லிக் கேட்கலாம். மூன்று என்றால் இலவசமாகக் கொடுத்தாலும் என் வண்டியில் ஏற்ற மாட்டேன்.

வரி விஷயத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், தொழில் தோஷம். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததிலிருந்து டயருக்கு 28 சதவிகிதம். ஆடம்பரப் பொருட்கள் குந்தியிருந்த அதே வரிசை. ரோட்டில் விழாமல் போவது ஆடம்பரம் என்று எட்டு வருஷம் நினைத்திருந்தார்கள் போலும். 2025 செப்டம்பர் 22-லிருந்து அது 18 ஆகிவிட்டது. அடக்க விலை நாலாயிரம் என்றால் முன்பு 5,120, இப்போது 4,720. சரியாக நானூறு ரூபாய் குறைவு. பழைய ஸ்டாக் என்றாலும் விற்கிற அன்றைக்கு என்ன வரியோ அதுதான். பழைய ஸ்டிக்கரைக் காட்டிப் பழைய வரியை வாங்கப் பார்த்தால் விடாதீர்கள்.

சரி, தேதி பார்த்தாயிற்று. எந்த டயர்? இங்கேதான் நம் ஆட்கள் ஸ்டைலில் கோட்டை விடுகிறார்கள். யூடியூபில் லடாக் வீடியோ பார்த்துவிட்டு, கட்டம் கட்டமாகப் பெரிய பட்டன் வைத்த டயரை மாட்டிக்கொண்டு வருஷம் முழுக்க ஜி.எஸ்.டி. சாலையில் ஓட்டுகிறார்கள். அந்தப் பட்டன்கள் சேற்றிலும் மணலிலும் புதைந்து பிடிப்பதற்காகப் பிறந்தவை. தார் ரோட்டில் பட்டனுக்கும் பட்டனுக்கும் நடுவில் இருக்கிற பள்ளம் எதையும் தொடுவதில்லை. உங்கள் உள்ளங்கையில் பாதியை நீங்களே வெட்டிக் கொடுத்துவிட்டீர்கள். வளைவில் பட்டன் நெளியும், சத்தம் வரும், பிரேக் பிடித்தால் தள்ளிப்போய் நிற்கும், சீக்கிரம் தேயும். லடாக்குக்கு நிஜமாகவே போகிறவர்கள் மாட்டட்டும். மகாபலிபுரத்துக்கு எதற்கு?

இன்னொரு கூட்டம், 'குண்டு டயர்' பார்ட்டி. கம்பெனி 120 கொடுத்தால் இவர்கள் 140 போடுவார்கள். பின்னாலிருந்து பார்த்தால் பந்தாவாக இருக்கும். டயர் அகலமானால் ரிம்மும் அகலமாகிவிடுமா? குறுகிய ரிம்மில் அகல டயரைத் திணித்தால் இரண்டு ஓரமும் உள்ளே நெருக்கப்பட்டு, டயரின் முதுகு கூன் போட்டுவிடும். ரோட்டில் அதிகம் ஒட்டும் என்று நினைத்துக் காசு கொடுத்தீர்கள், நடந்தது வேறு. வண்டி வளைய அடம்பிடிக்கும், செயினிலோ ஸ்விங் ஆர்மிலோ உரசவும் கூடும். வண்டியைச் செய்த என்ஜினீயர் முட்டாள், பம்பர் ஸ்டிக்கர் ஒட்டுகிற பையன் அறிவாளி என்று எப்படித்தான் முடிவு செய்கிறோமோ!

பார்க்க வேண்டியதை யாரும் பார்ப்பதில்லை. அந்த ஹிமாலயனின் பின் டயர் அளவு 120/90-17. மில்லிமீட்டரில் அகலம், அகலத்தில் 90 சதவிகிதம் உயரம், 17 இஞ்ச் ரிம். அளவுக்குப் பக்கத்தில் 64எஸ் என்று இருந்தால், 64 என்பது 280 கிலோ தாங்கும் என்பதற்கான குறி. எஸ் என்றால் மணிக்கு 180 கி.மீ. வரை. 52 என்று இருந்தால் 200 கிலோதான். இப்போது கூட்டிப் பாருங்கள். வண்டி கிட்டத்தட்ட 200 கிலோ, புருஷன் 75, பெண்டாட்டி 60, பெட்டி படுக்கை 30. மொத்தம் 365. பின்னால் உட்கார்ந்திருக்கிறவரின் எடையும் பெட்டியின் எடையும் முக்கால்வாசி விழுவது பின் டயர் மேல்தான். அளவு ஒன்றாக இருக்கிறதே, விலை கம்மியாக இருக்கிறதே என்று எடைக் குறி குறைந்த டயரை மாட்டினால், ஏமாந்தது நீங்கள் மட்டுமல்ல. உங்கள் தோளைப் பிடித்துக்கொண்டு, உங்களை நம்பிப் பின்னால் உட்கார்ந்திருக்கிறாரே, அவரும்தான். அவருக்கு இந்த 64-ம் தெரியாது, 3821-ம் தெரியாது.

'டயர்ல இன்னும் கொஞ்சம் இருக்கு சார், ஒரு மூவாயிரம் கிலோமீட்டர் ஓட்டிட்டு மாத்திடலாம்' என்கிற சிக்கனத் திலகங்களுக்காக ஒரு கணக்கு. ஐயாயிரம் ரூபாய் டயர் 15,000 கி.மீ. ஓடுகிறது என்று வையுங்கள். கிலோமீட்டருக்கு 33 பைசா. பெட்ரோல் லிட்டர் நூறு, மைலேஜ் முப்பது என்றால் கிலோமீட்டருக்கு மூன்று ரூபாய் முப்பத்து மூன்று காசு. டயர் செலவு பெட்ரோலில் பத்தில் ஒரு பங்கு. மொட்டை டயரை வழித்து எடுத்து நீங்கள் மிச்சம் பிடிக்கிற மூவாயிரம் கிலோமீட்டரின் மதிப்பு ஆயிரம் ரூபாய். பட்டனுக்கு நடுவில் ஓடுகிற பள்ளம் மழைத் தண்ணீர் வடிகிற வாய்க்கால். வாய்க்கால் தூர்ந்தால் தண்ணீர் எங்கே போகும்? டயருக்கும் ரோட்டுக்கும் நடுவில் நிற்கும். வண்டி தண்ணீர் மேல் போகும். நவம்பர் மழையில், முன்னால் போகிற லாரி பிரேக் அடிக்கும்போது, அந்த ஆயிரம் ரூபாயை எடுத்து நீட்டிப் பாருங்கள்.

'எங்கப்பா ஒரே டயர்ல பதினஞ்சு வருஷம் புல்லட் ஓட்டினார்' என்பீர்கள். ஓட்டினார். நாற்பதில் ஓட்டினார். எதிரே மாட்டு வண்டி வந்த ரோட்டில் ஓட்டினார். நீங்கள் ஓட்டுவது நாலு வழிச் சாலையில், இரண்டு ஆம்னி பஸ்ஸுக்கு நடுவில்.

இதில் பெரிய அநியாயம் நடப்பது முன் டயருக்கு. டூரிங் வண்டியில் பின் டயர் நடு முதுகு சப்பையாகிச் சீக்கிரம் தேய்ந்துவிடும். அதனால் அதை மாற்றுவார்கள். முன் டயர் மெதுவாகத்தான் தேயும். பின் டயரை இரண்டு முறை மாற்றியவர்கூட முன்னால் கம்பெனி கொடுத்த டயரோடு ஏழு வருஷம் ஓட்டிக்கொண்டிருப்பார். கேட்டால், 'பட்டன் அப்படியே இருக்கே' என்பார். பிரேக் போடும்போது வண்டியின் எடை முழுக்க முன்னால் சாயும். நிறுத்துகிற வேலையில் பெரும்பங்கு முன் சக்கரத்துடையது. பின் சக்கரம் வழுக்கினால் சமாளிக்க ஒரு வாய்ப்பாவது உண்டு, முன் சக்கரம் வழுக்கினால் கண் மூடித் திறப்பதற்குள் தரையில் கிடப்பீர்கள். அந்தச் சக்கரத்தில் கட்டை மாதிரி இறுகிய ரப்பர்!

கடைசியாக, மாட்டுகிற கதை. ஐயாயிரம் கொடுத்து டயர் வாங்கிவிட்டு, மாட்டுகிறவரிடம் ஐம்பது ரூபாய்க்கு மல்லுக்கட்டுகிறோம். அவரும் அந்தக் கூலிக்குத் தகுந்த வேலையைச் செய்கிறார். பிளாட்பாரத்தில் டிஸ்க் தரையில் படும்படி சக்கரத்தைப் படுக்கப் போட்டு, இரண்டு லிவர், ஒரு சுத்தியல். வழுக்கிக்கொண்டு உள்ளே போக டீசலோ கிரீஸோ தடவுவார். ரப்பருக்கு ஆகவே ஆகாது. சோப்புத் தண்ணீர் போதும். அதற்கு ஒரு ரூபாய் கூடச் செலவில்லை. போக்ஸ் வைத்த சக்கரமா? உள்ளே டியூப் இருந்தால் டயரோடு புது டியூப் போடச் சொல்லுங்கள். பழைய டியூப் நீண்டு போயிருக்கும், உள்ளே மடிப்பு விழும், மடிப்பு உரசி ஓட்டை விழும். டியூப் வண்டியில் காற்று போனால் போக்ஸ் ஓட்டை வழியாக ஒரே மூச்சில் போகும். எண்பது கி.மீ. வேகத்தில் அது என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. போக்ஸ் தலை டியூபைக் குத்தாமல் இருக்க ரிம்மில் ஒரு பட்டை ஓடும், அது கிழிந்திருந்தால் அதையும் மாற்ற வேண்டும்.

பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்காருங்கள். டீ குடிக்கப் போகாதீர்கள். டயரில் சுழலும் திசைக்கு அம்புக்குறி இருக்கும், சக்கரத்தை மாட்டிய பிறகு அது முன்னோக்கிப் பார்க்கிறதா? டயரின் ஓரத்தில் ரிம்மை ஒட்டி ஒரு மெல்லிய கோடு ஓடும். சுற்றி எல்லா இடத்திலும் ரிம்முக்கும் அதற்கும் ஒரே இடைவெளி இருக்கிறதா? ஒரு இடத்தில் கோடு உள்ளே பதுங்கியிருந்தால் டயர் சரியாக உட்காரவில்லை. காற்றை இறக்கி மறுபடி ஏற்றச் சொல்லுங்கள். முகம் சுளிப்பார். சுளிக்கட்டும், நூறு ரூபாய் சேர்த்துக் கொடுங்கள். பேலன்ஸ் பார்க்காமல் விடாதீர்கள். ஆக்ஸில் நட்டைக் காலால் மிதித்து முடுக்குவது வீரம் இல்லை, டார்க் ரென்ச் வைத்திருக்கிற கடை இருக்கிறது, தேடிப் போங்கள். பின் சக்கரம் என்றால் செயின் தொய்வையும் பார்த்துவிடுங்கள். காற்று எவ்வளவு என்று கடைக்காரரைக் கேட்காதீர்கள். எல்லா வண்டிக்கும் ஒரே நம்பர் வைத்திருப்பார். ஒற்றை ஆளுக்கு எவ்வளவு, பின்னால் ஆள் இருந்தால் எவ்வளவு என்று வண்டியோடு கொடுத்த புத்தகத்தில் போட்டிருக்கும்.

கிளம்புவதற்கு முன்னால் நின்ற இடத்திலேயே பிரேக்கை நாலைந்து முறை அழுத்திப் பாருங்கள். சக்கரத்தைக் கழற்றி மாட்டும்போது பிரேக் பேடு விலகியிருந்தால் முதல் அழுத்தலில் பிரேக் பிடிக்காது. புது டயரின் மேல்தோல் வழவழப்பாக இருக்கும், முதல் 150 கி.மீ. வளைவில் சாய்த்து ஓட்டாதீர்கள், மனைவியையும் ஏற்றாதீர்கள். நண்பர் மகனிடம் இதைச் சொன்னபோது, 'அப்ப தனுஷ்கோடி, அங்கிள்?' என்றான். வேறு கடையில், நாலு மாதத்துக்கு முன் தயாரான டயர் கிடைக்க மூன்று நாள் ஆனது. பேசிக் குறைத்த அந்த நானூறு ரூபாயும் போயிற்று. அடுத்த வாரம் போனார்கள்.